ஒன்றரை முழம்

மகனே, சுகமா, பிள்ளைக்குச் சளி விட்டதா, அங்கே மழை உண்டா என்று கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது. நீ போட்ட கவர் போன செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்றாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவள் நான். உன் எழுத்தோ ஆபீஸ் எழுத்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். இருந்தாலும் இந்தத் தடவை யாரையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லவில்லை. நானே எழுத்துக்கூட்டி நாலு முறை வாசித்தேன். முதல் மூன்று முறையும் எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். நாலாவது முறைதான் நீ எழுதியதே அதுதான் என்று புரிந்தது.

இரண்டு சங்கதி எழுதியிருந்தாய். ஒன்று, எனக்கு வயசாகிவிட்டதாம், இனி சங்கரன்கோவிலில் உன் புது வீட்டிலேயே வந்து இருக்க வேண்டுமாம், ஊர் வீட்டை உன் மாமாவிடம் கொடுத்துவிட வேண்டுமாம். இன்னொன்று என் பேத்தி பாப்பாவைப் பற்றி. கோடை லீவுக்கு அவள் ஊருக்கு வரவேண்டும் என்று அடம் பிடிக்கிறாள், பெரிய வீட்டைப் பார்க்க வேண்டுமாம், ஒரு நாள் கூட்டி வருகிறேன், நீ மேலத் தெருவில் அந்த வீட்டுக்கு முன்னால் நின்று காட்டிவிடு, பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லி வெளியிலிருந்தே திருப்பி அனுப்பிவிடு, நம் வீட்டுப் பக்கம் அவளைக் கூட்டிப் போக வேண்டாம். இப்படி எழுதிவிட்டு, கடைசி வரியில், அன்றைக்குப் பால் காய்ச்சின அன்று நீ நல்லாச் சமாளித்தாய் அம்மா என்று மெச்சியிருந்தாய். என் பிள்ளை என்னை மெச்சி எழுதிய முதல் வரி அது. அதற்குத்தான் இந்தப் பதில். இதை ஒட்டாமல்தான் அனுப்பப் போகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

உனக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் வாசக்காலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நீ அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். மறந்துவிட்டேன் என்று சொல்லாதே. உன் கையில் மரத்தூள் ஒட்டியிருந்ததை நான்தான் கழுவிவிட்டேன்.

நம் கீழத் தெருவில் அன்றைக்கு ஒரு வீட்டுக்குக்கூட நிமிர்ந்து நுழைகிற வாசல் கிடையாது. எல்லாம் மண்சுவர், பனை ஓலைக் கூரை, வாசல் நிலைக்குப் பதில் ஊன்றிய இரண்டு பனங்கை. ஓடு போடக் கூடாது, சுவருக்கு வெள்ளை அடிக்கக் கூடாது, வாசலை உயர்த்தக் கூடாது என்று யாரும் தண்டோரா போட்டது இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். என் மாமியார் தெரிந்துகொண்டிருந்தாள், அவளுக்கு அவள் மாமியார் சொல்லியிருந்தாள். உன் அப்பா ஆறடி ஆள். நீயும் அவர் வாகுதான். காலையில் அவர் வீட்டை விட்டு வெளியே வருவதைப் பார்த்தால் வீட்டைத் தோளில் சுமந்துகொண்டு வருவதுபோல இருக்கும். முதலில் தலை வரும், அப்புறம் முதுகு வரும், தெருவுக்கு வந்து நின்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் நிமிர்வார். கல்யாணமாகி வந்த புதிதில் நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். சிரித்தது தப்பு என்று எனக்கு வெகுநாள் தெரியாது.

அந்த வருஷம் சங்கரன்கோவிலில் விசைத்தறி போட்டிருந்த ஒருவர் தன் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டினார். இடிக்கிற வேலைக்கு உன் அப்பா பத்து நாள் போனார். பத்தாம் நாள், கூலி வேண்டாம் அண்ணாச்சி, அந்த வாசக்காலைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். வேங்கை மரம். மேல்கட்டையில் ஒரு தாமரை, அதற்கு இந்தப் பக்கம் ஒரு கிளி, அந்தப் பக்கம் ஒரு கிளி. அவர் சிரித்துவிட்டு, "இத வச்சி என்னவே செய்வீரு?" என்று கேட்டாராம். "வாசலுக்குத்தான் வைப்பேன்" என்றாராம் இவர். வண்டியில் அது வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. வீட்டைவிட வாசக்கால் பெரிதாக இருந்தது. உன் மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "அத்தான், வீட்டுக்கு வாசல் வாங்குனியளா, இல்ல வாசலுக்கு ஒரு வீடு பாக்கணுமா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா சிரித்த சிரிப்பைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முன் சுவரை அவரே கொத்தி எடுத்து உயர்த்திக் கட்டினார். குழியில் நவதானியம் போட்டு, காலில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி வாசக்காலை நிறுத்தினோம். மஞ்சள் பூசியது என் கைதான். சுவர் ஈரம் காயக்கூட இல்லை, அவர் உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார். "ஏட்டி, இங்கன பாரு, தட்டல. இங்கன பாரு" என்று சின்னப்பிள்ளைபோலச் சொல்லிக்கொண்டே போய் வந்தார். நீ பள்ளிக்கூடப் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அப்போதே நல்ல உயரம். நீயும் ஒரு தடவை நிமிர்ந்து போய் வந்தாய்.

பதினோரு நாள் அது நின்றது.

பன்னிரண்டாம் நாள் விடியக்காலம் மேலத் தெருப் பெரிய வீட்டுக்காரர் குளத்துக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவர் நம் தெரு வழியாக வந்தார். வழக்கமாக அந்தப் பக்கம் வரமாட்டார். நம் வீட்டுக்கு எதிரே நின்றார். உன் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் சாணிக் கையோடு ஓரமாக நின்றேன். "வாசல் ரொம்ப நல்லா இருக்குவே" என்றார். "இனும நானே ஒன் வீட்டுக்கு வந்தாலும் தலை தட்டாது, என்னா?" என்றார். கூட வந்த கணக்கப்பிள்ளை சிரித்தான். தெருவில் நின்ற நம் ஆட்களும் சிரித்தார்கள். உன் அப்பா, "வாங்க மொதலாளி" என்றார். அவ்வளவுதான். அவர் போய்விட்டார். இடி என்று சொல்லவில்லை, குறை என்று சொல்லவில்லை. சத்தம் போடவில்லை.

மறுநாள் நடுகை ஆரம்பம். பெரிய வீட்டு வயலுக்கு நம் தெருப் பெண்கள்தான் காலம் காலமாக நாற்று நடுவோம். குலவை போட்டு முதல் நாற்றை ஊன்றுவது நான்தான். வரப்பில் போய் நின்றால் கணக்கப்பிள்ளை வந்து, "இந்தத் தடவ இளையரசனேந்தல் பக்கத்துல இருந்து ஆளு வருது. நீங்க போங்க" என்றான். ஏன் என்று கேட்டோம். "எனக்கென்ன தெரியும்? ஒங்களுக்குத்தான் இப்ப வாசல் பெருசாயிட்டே, வேலையும் பெருசா எங்கயாவது கிடைக்கும்" என்றான். அந்தப் பக்கம் மானம் பார்த்த பூமி, மழை தவறினால் ஆள் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் நம் தெருப் பெண்கள் எல்லாரும் என் வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி, எனக்குச் சிநேகிதி, நான் நட்டால் பக்கத்தில் நின்று நடுகிறவள், அவள் எழுந்து நின்று, "ஏட்டி, ஒன் வாசல் ஒசந்துட்டு, எங்க அடுப்பு அணைஞ்சிட்டு. ஒன் புருசன் நிமிந்து நடக்கதுக்கு என் பிள்ளைக பட்டினி கிடக்கணுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். நியாயமாக இருந்தாலும் நான் மன்னிக்கவில்லை. அவள் வீட்டில் அதற்கப்புறம் மூன்று கல்யாணம் நடந்தது, ஒன்றுக்கும் நான் போகவில்லை. அவள் செத்த அன்றைக்கு மட்டும் போனேன். அப்போதும் அழுகை வரவில்லை.

அடுத்த நாள் காலையில் உன் அப்பா, அந்த வாசக்காலுக்குக் கதவு செய்யப் பலகை பார்க்க சங்கரன்கோவிலுக்குப் போனார். அவர் பஸ் ஏறட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மாட்டேன் என்றான். நான் அவன் காலைப் பிடித்தேன். ஆசாரி வீட்டில் போய் ரம்பம் வாங்கி வந்தவள் நான். சுவரைக் கொத்தி வாசக்காலை எடுத்துத் தெருவில் படுக்கப் போட்டோம். ஒரு காலை நான் பிடித்துக்கொண்டேன். மற்றக் காலைப் பிடிக்க ஆள் இல்லை. நீ பள்ளிக்கூடம் போகாமல் அங்கேயே நின்றாய். "ஏலே, பிடில" என்றேன். "அய்யா வரட்டும்மா" என்றாய். "பிடிக்கியா இல்லையா" என்று கத்தினேன். நீ குத்தவைத்துப் பிடித்தாய். மாமா அறுத்தான். வேங்கை சாமானியமாக அறுபடுகிற மரம் இல்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தாய். இரண்டு காலிலும் ஒன்றரை முழம் எடுத்தோம். திருப்பி வைத்து, மேலே விழுந்த இடைவெளியை மண்ணைக் குழைத்து அடைத்தோம். அடைத்த மண் மட்டும் வேறு நிறமாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. எத்தனை தடவை பூசினாலும் அது தனியாகத் தெரிகிறது.

பொழுது மசங்கிற நேரத்துக்கு உன் அப்பா பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். தெரு முக்கிலேயே யாரோ சொல்லியிருப்பார்கள். பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தார். குனிந்தார், உள்ளே வந்தார், உட்கார்ந்தார். நான் சோறு வைத்தேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நாலு வாய் தின்றுவிட்டு, "எவ்வளவு அறுத்தீய?" என்று கேட்டார்.

"ஒண்ணரை முழம்."

"அந்த ஆளு எவ்வளவு கேட்டாரு?"

"அவரு ஒண்ணும் கேக்கலயே."

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அறுத்துப்போட்ட துண்டு இரண்டையும் எடுத்து, வெளியே வேம்படியில் கிடந்த கயிற்றுக் கட்டிலுக்குத் தலைமாட்டில் முட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து மழை நாள் தவிர அவர் வீட்டுக்குள் படுக்கவில்லை. எட்டு வருஷம். சாகும்போதும் அந்தக் கட்டிலில்தான் செத்தார். அவர் பிணம்கூட அந்த வாசல் வழியாக வரவில்லை.

மறுநாளே எங்களுக்கு நடுகை கிடைத்துவிட்டது. பெரிய வீட்டுக்காரர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். நான் குலவை போட்டேன். எங்கள் வாசலை எவ்வளவு குறைத்தோம் என்று அவர் வந்து பார்க்கவே இல்லை மக்கா. அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கொஞ்சம் குறைத்தால் போதும் என்று விட்டிருப்பாரோ, ஒரு சாண் போதுமாக இருந்திருக்குமோ, ஒன்றுமே குறைக்காமல் நாலு நாள் பொறுத்திருந்தால் வெளியாள் கூலி கட்டாமல் அவராகவே எங்களைக் கூப்பிட்டிருப்பாரோ. இதையெல்லாம் நான் நட்டுக்கொண்டே நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

நீ படித்தாய். ஹாஸ்டலில் தங்கினாய். ஆபீஸ் வேலைக்குப் போனாய். நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் பிள்ளை பேனா பிடிக்கிறான், இனி அவன் தலை எங்கேயும் தட்டாது என்று. நீ கல்யாணம் முடித்த வருஷம் சங்கரன்கோவிலில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோமே, நீ என்னையும் கூட்டிப் போனாயே, அது நினைவிருக்கிறதா? கோவில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு வளவு. ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடு. அந்த வீட்டுக்காரி பச்சையில் மஞ்சள் கட்டம் போட்ட சேலை கட்டியிருந்தாள், மூக்கில் ஒற்றைக் கல். உன் ஆபீஸைக் கேட்டதும் நாற்காலி போட்டாள். காப்பி போடச் சொல்லி உள்ளே சத்தம் கொடுத்தாள். அப்புறம், "தம்பி, சொந்த ஊரு?" என்றாள். சொன்னாய். "அங்கன எந்தத் தெரு?" என்றாள். நீ கீழத் தெரு என்று உண்மையைச் சொன்னாய். அவள் முகம் மாறவே இல்லை, சிரித்தபடியே, "வீட்டுல கொஞ்சம் மராமத்து கிடக்கு தம்பி, முடிச்சிட்டுச் சொல்லி அனுப்புதேன்" என்றாள். உள்ளிருந்து காப்பி வரவில்லை. பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது அந்த வீட்டு வாசலில் வேறு யாரோ கோலம் போட்டிருந்தார்கள். இப்படி எத்தனை வீட்டில் நமக்கு மராமத்து வேலை நடந்தது! கடைசியில் ரயில்வே ஸ்டேஷனுக்கு அப்பால் தறிச் சத்தத்தில் காது அடைக்கிற ஒரு லைன் வீட்டில், ஊர் எது என்று கேட்காதவன் ஒருவன் கொடுத்தான்.

அந்த வளவு வீட்டைப் பார்த்த அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஊருக்கு முந்தின நிறுத்தத்தில், சர்க்கார் புதிதாகக் கட்டிக் கொடுத்த வீடுகள் இருக்கிறதே, உன் மாமா குடியிருப்பது, அங்கே கண்டக்டர், "காலனி ஆளுக எல்லாம் இறங்கு" என்று கூவினான். சிமெண்ட் வீடுதான், மேலே காங்கிரீட்தான். ஆனால் ஊருக்கும் அதற்கும் நடுவே ஓடையை விட்டுக் கட்டினார்கள். முன்னால் ஒரு பலகையில் பெயர் எழுதி நட்டுவைத்தார்கள். முன்னேயாவது எங்கள் தெரு எது என்று கேட்டால்தான் தெரியும். இப்போது பஸ்ஸில் போகிறவன்கூட வாசித்துவிட்டுப் போகிறான். நீ அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்போதே உன் மனசில் ஏதோ முடிவாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அதைக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். நான் கேட்கவில்லை.

அப்புறம் நீ மனை வாங்கினாய். நிலத்தை அளந்து விற்கிறவர்கள் தெருவைக் கேட்பதில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாய். வீடு கட்டினாய். போன தை மாதம் பால் காய்ச்சினாய். பத்திரிகையில் ஊர்ப் பெயர் போட்டாய், தெருப் பெயர் போடவில்லை. இடம் பற்றாது என்று சொல்லி நம் ஆட்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாய். நான் மட்டும் முதல் பஸ்ஸில் வந்தேன். உன் வாசக்கால் தேக்கு. எட்டடி. மேலே லட்சுமி. நான் அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். உன் அப்பா இதன் வழியாக ஒரு தடவை போய் வந்திருந்தால் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. நீ, "அம்மா, ஆளுக பாக்காக" என்று மெல்லச் சொன்னாய். நான் துடைத்துக்கொண்டேன்.

பால் பொங்கியது. எல்லாருக்கும் நான்தான் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பாத்திரக்கடைக்காரர் சம்சாரம், நல்ல பெண்தான், வஞ்சகமில்லாத முகம், தம்ளரை வாங்கப் போகிறவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "ஆச்சிக்கு எந்த ஊரு?" என்றாள்.

"பனவடலிசத்திரத்துப் பக்கம்மா."

"அப்படியா! எங்க சித்திய அங்கனதான் கட்டிக் குடுத்துருக்கு. நீங்க எந்தத் தெரு ஆச்சி?"

தம்ளர் என் கையிலும் இருந்தது, அவள் கையிலும் இருந்தது. நீ பக்கத்தில் தட்டோடு நின்றாய். ஒரு நிமிஷம்கூட இல்லை, அதற்குள் என் வாய் சொல்லிவிட்டது. "மேலத் தெரு" என்றேன். அவள் பாலை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்ப பெரிய வீட்டுக்குச் சொந்தமா?" என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "ஆமா, தூரத்துச் சொந்தம்" என்றேன். பதினேழு வருஷமாக நான் பெயரைச் சொல்லாமல் சபித்துக்கொண்டிருக்கிற ஆளை, என் புருஷனை வீட்டுக்குள் படுக்கவிடாமல் செய்த ஆளை, நானே சொந்தமாக்கிக்கொண்டேன். நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ சிரித்தாய். பாரம் இறங்கினவன் சிரிக்கிற சிரிப்பு. பாப்பா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, ஒங்க வீடு எம்புட்டுப் பெருசு?" என்றாள். நான் அடுத்த தம்ளரை எடுத்துப் பால் ஊற்றினேன்.

அந்தப் பெரிய வீட்டைத்தான் அவளுக்குக் காட்டச் சொல்கிறாய். அது இன்றைக்கு எப்படிக் கிடக்கிறது என்று உனக்குத் தெரியாது. அவர் செத்தபிறகு அவர் பிள்ளைகள் வயலைப் பிரித்து விற்றுவிட்டுப் பட்டணம் போய்விட்டார்கள். மச்சு இடிந்து வௌவால் அடைகிறது. முற்றத்தில் எருக்கு முளைத்துவிட்டது. கதவையும் ஜன்னலையும் பழைய மரம் வாங்குகிறவன் வந்து பெயர்த்துக்கொண்டு போய்விட்டான், வாசல் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருக்கிறது. நீ சொல்வதுபோல் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லக்கூட அங்கே கதவு கிடையாது. நான் சில நாள் அந்தப் பக்கம் போய் நின்று பார்ப்பேன். சந்தோஷப்படத்தான் போவேன். சந்தோஷம் வராது. என்னிடம் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க ஒருத்தர்கூட மிச்சமில்லாமல் போய்விட்டார்களே என்றுதான் இருக்கும்.

அவர்தான் போய்விட்டாரே, வாசலை உயர்த்திக்கொள்ள வேண்டியதுதானே என்று நீ கேட்கலாம். நானும் போன ஆடியில் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாசக்காலைத் தட்டிப் பார்த்தார், மேலே அடைத்த மண்ணைத் தடவிப் பார்த்தார். "மரத்துக்கு ஒரு கேடும் இல்ல ஆச்சி. அறுத்த துண்ட ஒட்டி நிறுத்துனாலும் பாரம் தாங்காது. தூக்கி வைக்கணும்னா மேல உள்ள சுவத்த இடிக்கணும். இத்தன வருசத்துல கூரை பூரா அந்த மண்ணு மேலதான் இறங்கி நிக்கி. அத எடுத்தா வீடே உக்காந்துரும்" என்றார். நான் பயந்துபோய் அள்ளி அப்பிய மண் அது. அதுதான் இப்போது வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது உனக்குப் பதில் சொல்கிறேன். நான் உன் வீட்டுக்குக் குடியிருக்க வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன். அங்கே வந்தால் நான் தினமும் பொய் சொல்ல வேண்டும். பொய் சொல்வதுகூடப் பெரிதில்லை, எனக்கு அது நன்றாக வருகிறது என்று தெரிந்துபோயிற்று. அந்தப் பெண்ணின் சித்தி என்றைக்காவது வருவாள். வந்து என் முகத்தைப் பார்ப்பாள். அவள் வயலிலும் நான் நட்டிருக்கிறேன். அன்றைக்கு உன் எட்டடி வாசலில் நீ எவ்வளவு குனிய வேண்டியிருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உன்னை நான் ஏசவும் முடியாது. அந்தக் காலைப் பிடி என்று உன்னை உட்காரவைத்தது நான். கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கப் பழகினாய், இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய். வேறு என்ன சொல்லிக் கொடுத்திருந்தாலும் மறந்திருப்பாய். அது ஒன்றைத்தான் நன்றாகப் படித்திருக்கிறாய்.

பாப்பாவைக் கூட்டி வா. ஆனால் நான் பெரிய வீட்டைக் காட்டமாட்டேன். நம் வீட்டுக்குத்தான் கூட்டி வருவேன். தாமரையையும் இரண்டு கிளியையும் காட்டுவேன், அவளுக்குப் பிடிக்கும். நீ குனிந்துதான் வர வேண்டும், உன் பெண்டாட்டி குனிந்துதான் வர வேண்டும், நானும் குனிந்துதான் வருவேன். அவளுக்கு இன்னும் அந்த உயரம் வரவில்லை. அவள் ஒருத்திதான் அந்த வாசலில் நிமிர்ந்து நடந்து வருவாள். இன்னும் ஐந்தாறு வருஷம் அப்படி வரலாம். அதற்குமேல் அவள் தலையும் தட்டும். உன் வாகில் வளர்ந்தால் அதற்கு முன்னாலேயே தட்டும். அதற்குள் ஒரு தடவை. நான் கேட்பது அது ஒன்றுதான். நீ கூட்டி வரமாட்டாய் என்று தெரிந்துதான் கேட்கிறேன். இந்த லீவுக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று எழுதுவாய். அடுத்த லீவுக்கு வேறு ஏதாவது எழுதுவாய்.

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஆறு நாள் ஆயிற்று. கவரின் முன்பக்கம் உன் விலாசத்தை எழுதிவிட்டேன். நீங்கள் ஆபீசுக்குப் போயிருக்கும் நேரத்தில் வருகிற தபாலை அந்தப் பாத்திரக்கடைக்காரர் சம்சாரம்தான் வாங்கி வைப்பாள் என்று உன் பெண்டாட்டி சொல்லியிருக்கிறாள். அதனால் பின்பக்கத்தைத் திருப்பி, அனுப்புபவர் என்று போட்டு, கீழத் தெரு என்று பெரிதாக எழுத வேண்டும் என்றுதான் ஆறு நாளும் நினைத்திருந்தேன். ஊர்ப் பெயரை எழுதினேன். அதற்கு மேல் தெருவுக்கு ஒரு வரி இடம் விட்டிருந்தேன். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் கவரைத் திருப்பிப் பார்ப்பது கண்ணுக்குள் தெரிந்தது. பாப்பா அவள் வீட்டில் விளையாடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த வரியை வெறுமனே விட்டுவிட்டேன். ஒட்டாமல் அனுப்புவேன் என்று முதலில் எழுதியதை அடிக்கவில்லை, கிடக்கட்டும். இரண்டு சோற்றுப் பருக்கை எடுத்து வைத்திருக்கிறேன், இதை மடித்து உள்ளே வைத்து நன்றாக நசுக்கி ஒட்டிவிடுவேன். எழுதாதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை மக்கா. உன் அப்பா இருந்தால், அந்த ஆளு எவ்வளவு கேட்டாரு என்று அன்றைக்குக் கேட்டதைத்தான் இதற்கும் கேட்பார்.